கை முறுக்கில் நின்ற நட்டு

ஜெர்மனியில், எர்லாங்கன் ஊரில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் ஓனருக்கு ஒரு கண்தான். இன்னொன்று போரில் போய்விட்டது. அந்த இடத்தில் இருந்த நீலக் கண்ணாடிக் கண் எதையும் பார்க்காது, ஆனால் எப்போதும் என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றும். அவர் மனைவிக்கு இரண்டு கண்ணும் இருந்தன. பார்வைதான் மங்கிவிட்டது. எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்வார். "அவருடைய அந்த ஒரு கண்தான் எங்கள் இரண்டு பேருக்கும்" என்று நாங்கள் குடிவந்த நாளிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தார். பதிலுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றேன்.

அந்தக் கண்ணுக்குத் தினமும் ஒரு வேலை இருந்தது. சாப்பாடு முடிந்ததும் ஓனர் மனைவிக்குச் செய்தித்தாளை வாசிப்பார். தலைப்பு, தலையங்கம், மரண அறிவிப்பு, பன்றி இறைச்சி விலை என்று ஒன்று விடாமல் வாசிப்பார். எங்கள் வீட்டுத் தரை மரப்பலகை. அந்தக் குரல் பலகை இடுக்கு வழியாக ஏறி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொள்ளும். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். "ரேடியோவா இருந்தா அணைச்சாவது தொலைக்கலாம்" என்று நான் தினமும் முணுமுணுப்பேன். என் கணவர் காதில் வாங்காமல் ரசத்தை உறிஞ்சுவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் அங்கே ஒரு பெரிய எலெக்ட்ரிக் கம்பெனியில் இஞ்சினியர். ஓனரும் அதே கம்பெனியில், இயந்திரங்களைப் பூட்டும் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. மாடிப்படியில் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு அரை மணி நேரம் ஸ்பேனர் பேசுவார்கள். நட்டு என்று யாராவது சொன்னால் போதும், என் கணவர் சோற்றை மறந்துவிடுவார். திருச்சியில் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் வீட்டுச் சைக்கிளின் பிரேக்கைச் சரிசெய்துகொடுத்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இரண்டாவது இலையுதிர் காலத்தில் அந்த வீட்டுக்குள் துப்பாக்கி வந்தது.

ஓனர் ஊருக்கு வெளியே காட்டோரம் இருந்த ஒரு சுடும் கழகத்தில் உறுப்பினர். வருஷா வருஷம் அக்டோபரில் அவர்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். பழைய குழல் தேய்ந்துவிட்டதென்று புதுக் குழல் வரவழைத்திருந்தார். ஊரில் துப்பாக்கி வேலை செய்பவரோ, போட்டி முடிந்த பிறகுதான் உங்கள் முறை என்று சொல்லிவிட்டார். ஓனரின் ரோஷம் கேட்கவில்லை. நானே பூட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பினார். ஆனால் ஒற்றைக் கண்ணுக்குத் தூரத்துப் பலகையில் கறுப்பு வட்டம் தெரியும், மூக்குக்கு முன்னால் இருக்கும் பொருளின் ஆழம் தெரியாது. குழலைப் பிடிக்கும் நட்டின் பல்வெட்டு அதற்கான துளைக்கு நேராக நிற்கிறதா இல்லையா என்று பார்க்க இரண்டு கண் உள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் மாடியில் ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

துப்பாக்கி என்று நான் அதுவரை பார்த்தது திருச்சியில் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் மட்டும்தான். அதைத் தாண்டிப் போகும்போதே புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடப்பேன். இப்போது அதே சாமான் நான் தூங்கும் கட்டிலுக்கு நேர் கீழே, நிலவறைப் பட்டறை மேசையில், வைஸ் இடுக்கியில் கடிபட்டபடி கிடந்தது.

"அதுல குண்டு இல்லம்மா. வெறும் இரும்புக் குழாய்" என்றார் கணவர்.

"இன்னிக்கு இல்ல. போட்டி அன்னிக்கு இருக்கும்ல?"

"இருக்கும்."

"நீங்க டைட் பண்றது சரியா இல்லேன்னா?"

"குழல் அசையும். குறி தப்பும். அவ்வளவுதான்."

"ரொம்ப லூசா இருந்தா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "பின்பக்கமா வெடிக்க சான்ஸ் இருக்கு" என்றார்.

"பின்பக்கம் என்ன இருக்கு?"

அவர் தன் வலது கன்னத்தைத் தொட்டார். விரல் தானாகக் கன்னத்திலிருந்து கண்ணுக்குப் போனது. அந்த விரலை நான் பிடித்துக் கீழே இறக்கினேன். அந்த வாரம் முழுவதும் அதுதான் என் கண்ணில் நின்றது.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். "அதுக்குத்தான் நானே பண்றேன். அவரா பண்ணினா இன்னும் டேஞ்சர்" என்றார்.

ஒருநாள் காப்பி கொண்டுபோகிற சாக்கில் கீழே இறங்கிப் பார்த்தேன். குழலின் அடியில் மோதிரம் மாதிரி ஒரு பெரிய நட்டு. அதன் விளிம்பைச் சுற்றிப் பல் பல்லாக வெட்டு. அந்த நட்டுதான் குழலைத் துப்பாக்கியின் உடம்போடு இறுக்கிப் பிடிக்கிறது என்று கணவர் விளக்கினார். இறுக்கினால் மட்டும் போதாதாம். இறுக்கம் சரியாக இருக்கும்போதே ஒரு வெட்டு மேலே இருக்கும் துளைக்கு நேராக வந்து நிற்கவும் வேண்டும். சரியான இறுக்கம் வந்ததும் அதை அளக்கும் டார்க் ரெஞ்ச் டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். சத்தம் வந்தபோது வெட்டு ஒரு முடி அளவு தள்ளி நின்றது. முதலில் நட்டின் மரை பழக வேண்டும், இறுக்கித் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும் என்றார். ஓனர் பக்கத்தில் நின்று, அந்த ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, குழந்தை மாதிரி ரெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை துடிக்கிற சாதாரணக் கண். கொஞ்சம் நீர் கோத்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை வந்தது. போட்டிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

அந்த ஊரில் அந்தக் காலத்தில் பூஜை செய்வதென்றால் பாதி சாமானுக்கு மாற்றுச் சாமான்தான். கொண்டைக்கடலை துருக்கிக்காரர் கடையில் கிடைத்தது. பொரிக்கு எங்கே போவது? சாக்லேட் பூசிய பொரிதான் கிடைத்தது. சரஸ்வதிக்கு அதுவும் பிடிக்கட்டும் என்று வைத்துவிட்டேன். குங்குமமும் சந்தனக் கட்டையும் மட்டும் அசல், அம்மா பெட்டியில் வைத்துக் கொடுத்தது. எது மாறினாலும் ஒன்று மாறக்கூடாது. விளக்கேற்றினால் எல்லாரும் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். என் அப்பா வீட்டில் அன்றைக்குப் பேனா மூடியைக்கூடத் திறக்கமாட்டார்கள்.

விளக்கேற்றிவிட்டு நிலவறைக்கு இறங்கினேன். ஓனர் கழகக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கணவர் மட்டும் ரெஞ்சும் கையுமாக நின்றார். அப்போதுதான் நட்டை மறுபடி தளர்த்தியிருந்தார்.

"இன்னும் ஒரு ரவுண்டு. டைட் பண்ணி அலைன் பண்ணிட்டா முடிஞ்சது. அஞ்சே நிமிஷம்."

"விளக்கேத்தியாச்சு. கீழ வைங்க."

"அஞ்சு நிமிஷம்மா."

"அந்த நட்டு எங்கயும் ஓடிடாது. நாளைக்கு எடுத்துக்கலாம்."

அவர் பெருமூச்சு விட்டு, நட்டைக் கையாலேயே ஒட்டத் திருகிவிட்டு, ரெஞ்சை மேசையில் வைத்தார். நான் கிண்ணத்தோடு மேசையைச் சுற்றி வந்தேன். ரெஞ்சுக்கு ஒரு சந்தனம், குங்குமம். சுத்தியலுக்கு ஒன்று, அரத்துக்கு ஒன்று, ஸ்பேனர் பெட்டிக்கு ஒன்று. துப்பாக்கிக்கு முன்னால் வந்ததும் என் கை நின்றது. அதற்கும் வைக்க வேண்டுமா? ஆயுதம் என்றால் அதுதான் ஆயுதம். அதை விட்டுவிட்டு அரத்துக்குப் பொட்டு வைத்தால் சாமி சிரிக்கும். பயந்துகொண்டே துப்பாக்கியின் மரக்கட்டையில் இடது பக்கம் ஒன்று வைத்தேன். பிறகு, எந்த நட்டை நினைத்து வாரம் முழுக்க நடுங்கினேனோ, அந்த நட்டின் மேலேயே, அது உடம்போடு சேரும் கோட்டில், நன்றாக அழுத்தி ஒன்று வைத்தேன். அந்த மனுஷனின் கண்ணைக் காப்பாற்று என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை. வெளியே பனிமூட்டம், எதிர் வீடு தெரியவில்லை. கணவர் குளித்துவிட்டு, விஜயதசமி அன்று முதல் வேலையாக நட்டை முடித்துவிடுகிறேன் என்று கீழே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"துப்பாக்கி இல்ல. வைஸ் தொறந்து கிடக்கு."

இருவரும் ஓனர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் மனைவி ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தார். எங்கள் காலடிச் சத்தத்திலேயே அடையாளம் தெரிந்துகொண்டு மலர்ந்தார்.

"விடிந்ததும் கிளம்பிவிட்டார். போட்டிக்கு முன்னால் நாலு தடவை சுட்டுப் பார்க்க வேண்டுமாம். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். வேலை சுத்தமாக இருக்கிறதாம். சிவப்பு முத்திரைகூட வைத்திருக்கிறாராம் இஞ்சினியர், கம்பெனியில் வைப்பது போலவே."

கணவரின் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் தமிழில், உதடு அசையாமல் சொன்னார்: "எங்க கம்பெனியில டைட் பண்ணி செக் பண்ணின நட்டு மேல சிவப்பு லேக்கர் பெயிண்ட் ஒரு சொட்டு வைப்பாங்க. அது இருந்தா அப்புறம் யாரும் தொட்டுக்கூடப் பாக்கமாட்டாங்க. முப்பது வருஷம் அதைப் பாத்துப் பழகின மனுஷன்."

காப்பாற்று என்று நான் வைத்த பொட்டை நம்பி அவர் அந்தத் துப்பாக்கியை எடுத்துப் போயிருக்கிறார். நட்டு கை முறுக்கில் நிற்கிறது.

"ஏதாவது பிரச்சினையா?" என்று அந்த அம்மாள் கேட்டார். பார்வை மங்கிய கண்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் எங்கேயோ தேடின.

"ஒன்றுமில்லை" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அந்த ஒரு சொல்தான் அப்போது வாயில் வந்தது.

கணவர் அவர்கள் வீட்டுத் தொலைபேசியில் கழகத்துக்கு அடித்துப் பார்த்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் காதை மூடிக்கொண்டு சுட்டுக்கொண்டிருந்தால் யார் எடுப்பார்கள்? சைக்கிளை எடுத்தார். நானும் எடுத்தேன். "நீ எதுக்கு?" என்றார். அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து மணி அடிக்கக் காத்திருக்க என்னால் முடியாது என்று சொல்ல நேரமில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு மிதித்தேன்.

ஊர் முடிந்ததும் மீன் பண்ணைக் குளங்கள். கெண்டை பிடிக்கத் தண்ணீரை வடித்துவிட்டிருந்ததால் ஒரே சேற்று வாடை. அதைத் தாண்டிப் பைன் காடு. பனியில் முன்னால் போகும் கணவரின் முதுகு மட்டும் தெரிந்தது. அப்போதுதான் முதல் வெடிச்சத்தம் கேட்டது.

அப்படிப் பயந்தது என் வாழ்நாளில் வேறெப்போதும் இல்லை. பிரசவத்தில்கூட இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் என் கண்ணை நானே இறுக்கி மூடினேன். ஒருமுறை சைக்கிள் பள்ளத்தில் இறங்கி ஏறியது. இது அவருடையதா? சத்தம் வந்தால் ஒரு பயம், அடுத்த சத்தம் வராவிட்டால் இன்னொரு பயம். சரஸ்வதியைத் திட்டினேன். உன் பூஜைக்காகத்தானே ரெஞ்சைக் கீழே வைக்கச் சொன்னேன், அஞ்சு நிமிஷம் உன்னால் பொறுத்திருக்க முடியாதா, சாக்லேட் பொரி வைத்த கோபமா என்று மூச்சு வாங்க வாங்கச் சண்டை போட்டேன். பிறகு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மறுபடி திட்டினேன்.

காட்டுக்குள் நுழையும்போது சத்தம் நின்றுவிட்டது. முழுதாக நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று நினைத்ததும் என் காலுக்குக் கீழே பெடல் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

கழகத்து வாசலில் கைப்பட்டை கட்டிய ஒருவர் என்னைத் தடுக்க வந்தார். நான் சைக்கிளை அப்படியே அவர் மேல் விட்டுவிட்டு ஓடினேன். நீளமான கொட்டகை. அதன் கடைசியில் பெஞ்சில், எங்களுக்கு முதுகைக் காட்டி ஓனர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் அவர் மேல் குனிந்து நின்றார்கள். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

வலது கண்ணுக்குக் கீழே, கன்னம் முழுக்கச் சிவப்பு.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான் கத்தினேன். அப்படியே சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாளிடம் என்ன சொல்வேன், இனி யார் வாசிப்பார்கள் என்பது மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

அவர் எழுந்து வந்தார். நடந்து வந்தார். என் முன்னால் குனிந்தார். அந்தக் கண் இமைத்தது. சந்தன வாசம் அடித்தது.

"இது என்ன?" என்று கேட்டுக் கட்டைவிரலை நீட்டினார். குங்குமம்.

நடந்ததைக் கணவரிடம் அவரே சொன்னார். குண்டு போட்டு, கட்டையில் கன்னத்தை வைத்திருக்கிறார். பனி ஈரத்தில் கன்னத்தில் ஏதோ பிசுபிசுத்திருக்கிறது. கட்டையின் இடது பக்கத்தில் நான் வைத்த பொட்டு அது. நிலவறையின் மங்கல் வெளிச்சத்தில் அந்தப் பக்கமும் மேசையிலிருந்த மற்றப் பொட்டுகளும் அவர் கண்ணில் படவே இல்லை. முகத்தை எடுத்துத் துடைத்தால் விரலெல்லாம் சிவப்பு. லேக்கர் காய்ந்துவிட்டால் இப்படி ஒட்டாது. உடனே நட்டின் மேல் இருந்த சிவப்பையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதுவும் தூளாக வந்துவிட்டது. நட்டைப் பிடித்துத் திருகினால், சுற்றியது. கையை உயர்த்தி எல்லாரையும் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டாராம்.

சொல்லும்போது குரல் நிதானமாகத்தான் இருந்தது. கோட்டுப் பையிலிருந்து அந்தக் குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். காட்டியதும் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கணவரிடம் திரும்பினார். முகம் கல்லாகிவிட்டது.

"இஞ்சினியர் அவர்களே, இறுக்காத நட்டுக்கு நீங்கள் முத்திரை வைத்தீர்களா?"

ஒரு ஃபோர்மேன் ஒரு இஞ்சினியரைக் கேட்கக்கூடிய கேள்விகளில் அதைவிடக் கேவலமான கேள்வி இல்லை. கணவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நான்" என்றேன் தரையிலிருந்து. "நான் வைத்தது."

அவர் என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். காலையில் குளித்து நான் வைத்துக்கொண்ட பொட்டு அங்கே இருந்தது, வியர்வையில் கொஞ்சம் கலைந்து. அதே சிவப்பு. தன் கட்டைவிரலைப் பார்த்தார். மறுபடி என் நெற்றியைப் பார்த்தார். கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார்.

மூன்று பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழியில் கணவர் பூஜையைப் பற்றி ஜெர்மனில் விளக்கிக்கொண்டே வந்தார். கருவிக்கு ஒருநாள் ஓய்வு கொடுப்போம் என்ற இடத்தில் மட்டும் ஓனர் தலையை ஆட்டினார். "நல்ல வழக்கம்தான். ஆனால் ஒரு சீட்டு எழுதித் தொங்கவிட்டிருக்கலாம்" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் அவர் மனைவி காத்திருந்தார். ஓனரின் முகத்தை வழக்கம்போல் கையால் தடவினார். விரல் கன்னத்தில் நின்றது. மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"என்ன வாசம் இது?"

ஓனர் என்னைப் பார்த்தார்.

"மாடியில் பண்டிகை. எனக்கும் வைத்துவிட்டார்கள்" என்றார்.

மத்தியானம் நிலவறையில் வேலை முடிந்தது. இந்த முறை நானும் நின்றேன். கணவர் இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். ரெஞ்ச் டக்கென்றது. வெட்டு துளைக்கு நேராக வந்து நின்றது. கணவர் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். ஓனர் என் பக்கம் திரும்பி, "இப்போது அந்தச் சிவப்பை வையுங்கள்" என்றார்.

குங்குமச் சிமிழைக் கையில் எடுத்தேன். வைக்க முடியவில்லை. சிமிழைக் கீழே வைத்துவிட்டு, தொடவே பயந்த அந்தத் துப்பாக்கியை, அந்த நட்டை, இரண்டு கையாலும் பிடித்தேன். வளையல் நெளிய, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கொடுத்துத் திருகினேன். அசையவில்லை. இன்னொரு முறை திருகினேன். உள்ளங்கையில் பல் பல்லாகத் தடம் பதிந்துவிட்டது. அதன் பிறகுதான் பொட்டு வைத்தேன்.

அன்று சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் கீழே குரல் தொடங்கியது. தலைப்பு, தலையங்கம். கணவர் என்னைப் பார்த்தார், முணுமுணுப்பேன் என்று எதிர்பார்த்தார். நான் எழுந்துபோய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே மரண அறிவிப்புகளை ஒவ்வொரு பெயராக அவர் வாசித்தார். நடுவில் அந்த அம்மாள் ஏதோ கேட்டார், அவர் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். பன்றி இறைச்சி விலை வந்து, தாளை மடிக்கும் சத்தம் கேட்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.